ஒரு சிட்டிகை அரிசி: ஜாவாச் சிற்றூரில் உயிரும் உடைமையும் காவலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. கூட்டத்திற்கு வராதவரை 'ஏன் வரவில்லை?' என்று கேட்டறியும் பழக்கம் இவ்வட்டத்தில் உண்டென அறிவேன். நான் இன்று பேசவிருக்கும் பொருளுக்கும் அப்பழக்கத்திற்கும் நெருங்கிய உறவுண்டு. அயல்நாட்டுச் சிற்றூர் வாழ்வொன்றைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். இந்தோனேசியாவில் ஏறத்தாழ 75,000 சிற்றூர்கள் உள்ளன. 17,000 தீவுகளுக்கு மேற்பட்ட அந்நாட்டின் ஊர்களை எல்லாம் ஒரே உரையில் அடக்குதல் இயலாது. ஆதலின் நடுஜாவா, கிழக்கு ஜாவா ஆகிய பகுதிகளின் நெல்விளையும் சிற்றூர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே மனிதரின் உயிருக்கும் உடைமைக்கும் எது காவலாக நிற்கிறது, அக்காவல் எப்போது தவறுகிறது என்னும் இரு வினாக்களை மட்டும் ஆராய முற்படுகிறேன்.

'ஸ்லாமெத்' என்னும் சொல்

ஒரு மக்களின் அச்சத்தை அறிய விரும்புவோர் அவர்களுடைய வாழ்த்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். இந்தோனேசிய மொழியில் காலை வணக்கமும், பயண வாழ்த்தும், திருமண வாழ்த்தும் 'செலாமாத்' என்ற சொல்லையே முதலாகக் கொண்டு அமைகின்றன. ஜாவானிய மொழியில் அது 'ஸ்லாமெத்' என ஒலிக்கும். அரபு மூலத்திலிருந்து வந்த இச்சொல் தீங்கின்மை, பாதுகாப்பு என்னும் பொருளுடையது. நம் தமிழ் இசுலாமியர் வழக்கில் உள்ள 'சலாமத்து' இதன் உடன்பிறப்பே ஆகும்.

1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவின் பாரே என்னும் சிறுநகரில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், 1960இல் வெளிவந்த தம் நூலில் இச்சொல்லுக்கு அம்மக்கள் கூறும் விளக்கத்தைப் பதிவு செய்துள்ளார். ஒன்றும் நேராதிருத்தலே ஸ்லாமெத் என்பது அவ்விளக்கத்தின் சாரம். செல்வம் பெருகுதலோ புகழ் ஓங்குதலோ அதில் இடம்பெறவில்லை. குழந்தை பிறந்தாலும், வீடு கட்டத் தொடங்கினாலும், அறுவடை முடிந்தாலும், ஒருவர் இறந்தாலும் அண்டை வீட்டார் அனைவரையும் அழைத்து உணவு பகிரும் சடங்கொன்று அங்கே நடைபெறும். அதற்கு 'ஸ்லாமத்தான்' என்று பெயர். அழைக்கப்பெறுவோர் உறவினர் என்பதற்காக அழைக்கப்பெறுவதில்லை. அவ்வீட்டைச் சுற்றி வாழ்வோர் என்பதற்காகவே அழைக்கப்பெறுவர். கூம்பு வடிவில் குவித்த சோற்றை உண்டு, எஞ்சியதை இலையிற் பொதிந்து தத்தம் வீட்டிற்கு எடுத்துச் செல்வர். 'இவ்வீட்டார் உங்களுள் அடங்குவர். இவர்களுக்கு எதுவும் நேராதிருக்கட்டும்' என்று ஊரை நோக்கி விடுக்கும் வேண்டுகோளாகவே அச்சோற்றைக் கொள்ளலாம்.

மரமுரசும் அரிசிக் கிண்ணமும்

பகலில் இவ்வாறு சோற்றால் வேண்டப்படும் காவல் இரவில் கால்நடையாக நிறைவேறுகிறது. ஜாவாச் சிற்றூரின் தெருமுனையில் மூங்கிலாலோ செங்கல்லாலோ ஆன சிறு கொட்டில் ஒன்று நிற்கும். அது காவற் கொட்டில். வீட்டுக்கு ஓர் ஆண் வீதம் முறைவைத்து இரவு முழுவதும் அங்கே அமர்ந்தும், இடையிடையே ஊரைச் சுற்றி வந்தும் காவல் புரிவர். 'ரோண்டா' என்பது அச்சுற்றுக் காவலின் பெயர். சூடான காப்பியும் சீட்டாட்டமும் ஊர்க்கதையும் உறக்கத்தை ஓட்டும்.

கொட்டிலின் உத்தரத்தில் 'கெந்தோங்கான்' தொங்கும். பெருமூங்கிலிலோ பலாமரத் துண்டிலோ நீளவாக்கில் பிளவு செதுக்கிக் குடைந்த முரசு அது. தோல் போர்த்தாத முரசாயினும் நள்ளிரவில் நெடுந்தொலைவு கேட்கும். அதன் மொழி எல்லார்க்கும் தெரிந்த மொழி. ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு உண்டெனினும், பல ஊர்களில் காவற் கொட்டிலின் பலகையிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும் வழக்கம் இது: ஒற்றை அடிகள் கொலையை அல்லது சாவை உணர்த்தும், இரண்டிரண்டு அடிகள் திருட்டை, மும்மூன்று தீயை, நந்நான்கு வெள்ளம் முதலிய இயற்கைச் சீற்றத்தை, ஐயைந்து கால்நடைத் திருட்டை. இடைவிடாது விரைந்து அடிக்கும் 'தித்தீர்' பெரும் இடரின் அறிவிப்பு. எல்லாம் நலம் என்பதற்கும் ஒரு தாளம் உண்டு. மெதுவாகத் தொடங்கி விரைந்து, மீண்டும் தணியும் அத்தாளத்திற்குத் 'தோரோ முலுக்' என்று பெயர். வானில் மேலெழும் புறா என்பது அதன் பொருள்.

பொதுவான திருட்டுக்கு ஒரு தாளமும் மாடு களவு போதற்கு வேறொரு தாளமும் வகுத்த நுட்பம் நம்மனோர்க்கு வியப்பளிக்காது. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் புறத்திணையின் வாயிலிலேயே வைத்த மரபு நம்முடையது. துடியின் ஒலி எதற்கெனக் கேட்டவுடன் அறிந்த ஊர்களை நம் பழம்பாடல்களிலும் காண்கிறோம்.

காவலுக்கு ஆகும் செலவை ஊர் எவ்வாறு ஈட்டுகிறது என்பதே நான் சிறப்பாகச் சுட்ட விரும்புவது. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் சிறு கிண்ணமோ மூங்கிற் குழாயோ தொங்கும். வீட்டுப் பெண் மாலையில் அதில் ஒரு சிட்டிகை அரிசி இடுவாள். இரவுக் காவலர் வீடுதோறும் சென்று அதைத் தம் பையிற் கொட்டிக்கொள்வர். 'ஜிம்பித்தான்' என்னும் இவ்வழக்கின் பெயரே விரல்நுனியால் எடுக்கும் அளவைக் குறிப்பது. சேர்ந்த அரிசி விற்கப்பட்டு ஊர்ப் பொதுநிதியாகும். நோயுற்றார்க்கு உதவவும், இறந்தார் வீட்டுச் செலவுக்கும், தெருவிளக்கிற்கும் அது பயன்படும். இக்காலத்தில் பல ஊர்களில் அரிசியின் இடத்தை நாணயம் பெற்றுவிட்டது. எனினும் பெயர் மாறவில்லை.

சிட்டிகை அரிசியால் எந்த ஊரும் செல்வம் அடைந்துவிடாது. அதன் பயன் வேறு. அரிசியை எடுக்கக் காவலர் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வாயிலுக்கும் சென்றாக வேண்டும். கிண்ணம் வெறுமையாய் இருப்பின், அவ்வீட்டில் நோயா, வறுமையா, எவரும் இல்லையா என மறுநாள் வினவுவர். விளக்கு அணைந்திருப்பதும், கதவு திறந்து கிடப்பதும், முதியவர் இருமுவதும் அவர்கள் செவிக்கும் கண்ணுக்கும் எட்டும். நாள்தோறும் ஊரை எண்ணிப் பார்க்கும் கணக்கெடுப்பே ஜிம்பித்தான் எனலாம். பெண்களுக்கு இரவுக் காவலில் பொதுவாக இடமில்லை. ஆயினும் அக்கணக்கெடுப்பைத் தொடங்கி வைக்கும் அரிசி அவர்கள் கையிலிருந்தே புறப்படுகிறது என்பதும் இங்கே கருதத்தக்கது.

பெட்டியும் முத்திரையும்

உயிர்க்காவலிலிருந்து உடைமைக்கு வருவோம். உடைமை பற்றிய இந்தோனேசியச் சொற்கள் சில தமிழ்ச் செவிக்கு மிக அணுக்கமானவை. பொருள் வைக்கும் பேழை அங்கே 'பெத்தி'. அது நம் பெட்டி. வணிகத்திற்கு இடும் முதல் 'மோடால்'. அது நம் முதல். கடை 'கெடாய்' ஆயிற்று; கப்பல் 'காப்பால்' ஆயிற்று. ஆவணத்தில் ஒட்டும் அரசு வில்லை 'மெத்தெராய்' எனப்படும். இது முத்திரையின் திரிபெனச் சொல்லாய்வாளர் காட்டுவர். கடல்வணிகர் வழியே சென்ற சொற்கள் இவை. வட சுமத்திராவின் பாருஸை அடுத்த லோபு துவாவில் 1873இல் கண்டறியப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டிலேயே அங்கு நிலைகொண்டிருந்தமைக்குச் சான்று. கல்லில் அவர்கள் பொறித்ததும் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணம் பற்றிய ஏற்பாடுதான்.

2021 முதல் 10,000 ரூப்பியா மதிப்புள்ள மெத்தெராய் ஒட்டியே இந்தோனேசிய உழவர் நில ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார். கையொப்பமிட்ட தாள் பெத்தியினுள் புகும். நம் இரு சொற்களும் அவர் வயலைக் காத்து நிற்கின்றன என்று பெருமை கொள்ளலாம். ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நெடுங்காலம் ஜாவாச் சிற்றூரில் ஒருவருடைய வயல் எது என்பதற்குச் சான்று அண்டை வயற்காரரின் நினைவே. அதற்கு மேல் ஊர் அலுவலகத்தில் 'லெத்தர் சே' எனப்படும் பதிவேடு உண்டு. அது வரி செலுத்துவோரின் பதிவேடேயன்றி முழு உரிமைச் சான்று ஆகாது. 1960 செப்டம்பர் 24இல் இயற்றப்பட்ட அடிப்படை நிலச் சட்டம், குடியேற்றக் கால நிலச் சட்டத்தையும் ஊர்வழக்கையும் ஒருங்கிணைத்துப் பதிவுமுறை ஒன்றை வகுத்தது. எனினும் கோடிக்கணக்கான நிலத்துண்டுகள் பதிவாகாமலே கிடந்தன. நாடு முழுவதும் ஏறத்தாழ 12 கோடியே 60 லட்சம் நிலத்துண்டுகள் உள்ளன எனக் கணக்கிட்டு, 2017 முதல் ஊர்ஊராக அளந்து சான்றிதழ் வழங்கும் பெருந்திட்டம் மேற்கொள்ளப்பட்டது. அளக்க வரும் அலுவலர் முதலில் தேடுவது எல்லையில் ஒப்புதல் தரும் அண்டை நிலத்தாரை. தாள் வந்த பின்னும் அண்டையார் தேவைப்படுகின்றனர்.

பெண்ணுக்குரிய பங்கு பற்றி ஒரு சொல். ஜாவாவில் மகளுக்கும் வயலில் உரிமை உண்டு. மகன் காவடித்தண்டின் இருபுறமும் சுமப்பதுபோல் இரு பங்கும், மகள் முதுகில் துணியால் கட்டிச் சுமப்பதுபோல் ஒரு பங்கும் பெறுவர் என்பது ஒரு பழவழக்கு. அதற்கு மாறாக, ஆணும் பெண்ணும் சமமாகப் பகிரும் குடும்பங்களும் மிகப் பல. மணவாழ்வில் இருவரும் ஈட்டியது இருவர்க்கும் உரியது என்னும் கொள்கையை 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. கைம்பெண் ஒருத்தி தன் வயற்கரையில் நின்று 'இது என்னுடையது' என்று சொல்லக்கூடிய ஊர் அது என்பதை நாம் மதித்துப் போற்ற வேண்டும்.

நிலமில்லாதாரின் உடைமை

ஆனால் வயலே இல்லாதவளுக்கு உடைமை யாது? ஜாவாவின் பழைய அறுவடை முறையில் இதற்கு விடை இருந்தது. 'அனி-அனி' என்பது உள்ளங்கையில் மறையும் சிறு கத்தி. நெற்றாளைப் பிடியாகப் பற்றி அறுக்காமல், கதிர்கதிராகக் கொய்ய அது பயன்பட்டது. நெல்லின் தெய்வமாகிய தேவி ஸ்ரீ அஞ்சாதிருக்கவே கத்தி கைக்குள் மறைந்திருக்கிறது என்பது நம்பிக்கை. கொய்பவர் பெண்கள். வயல் விளைந்ததும் வரும் பெண்களைத் திருப்பி அனுப்புதல் பண்பன்று எனக் கருதப்பட்டது. கொய்ததில் ஒரு பங்கு கொய்தவளுக்கு உரியது. 'பாவோன்' என்னும் அப்பங்கு கூலி மட்டுமன்று, ஊரில் அவளுக்கும் இடமுண்டு என்பதன் ஒப்புதலுமாகும்.

1970களில் இம்முறை விரைந்து மாறியது. குட்டை நெல் வகைகள் வந்தன, அரிவாள் வந்தது. 'தெபாசான்' என்னும் வழக்கு பரவியது: நிற்கும் பயிரையே வயலுக்குரியவர் ஒரு வணிகருக்கு விற்றுவிடுவார், அவ்வணிகர் தாம் தேர்ந்த சிலரைக் கொண்டு அறுத்துச் செல்வார். ஊர்ப் பெண்களை மறுக்க வயலுக்குரியவர் நாணுவார். வெளியூர் வணிகருக்கு அந்நாணம் இல்லை. அக்காலத்தில் இம்மாற்றத்தை நேரில் கண்டு எழுதிய வில்லியம் கோலியர் முதலிய ஆய்வாளர், நிலமற்றோர் அறுவடையிலிருந்து விலக்கப்பட்டமையைப் பதிவு செய்தனர். அதே காலத்தில் நெல் அரைக்கும் எந்திரங்கள் பெருகி, உலக்கை குற்றிப் பெற்ற கூலியும் பெண்களை விட்டு நீங்கியது.

எவரும் எதையும் திருடவில்லை, முரசு ஒலிக்கவில்லை, ஆயினும் பல்லாயிரம் பெண்கள் தம் உடைமையை இழந்தனர். முரசின் தாளங்களுள் இவ்விழப்புக்கெனத் தாளம் ஏதும் வகுக்கப்படவில்லை.

மலை சினந்தபோது

உயிரையும் உடைமையையும் ஒருசேரக் காத்தல் இயலாத வேளையும் உண்டு. யோக்யகர்த்தாவின் வடக்கே நிற்கும் மெராப்பி எரிமலை 2010 அக்டோபர் 26 அன்று வெடித்தது. முன்நாளிலேயே உச்ச எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மலைச்சரிவுக் கினாரெஜோவில் வாழ்ந்த மலைக்காவலர் மாரிஜான், சுல்தானால் அமர்த்தப்பட்ட தம் பொறுப்பைத் துறந்து இறங்க மறுத்து, அன்றே உயிர்நீத்தார். நவம்பர் 5இல் இன்னும் பெரிய வெடிப்பு. மொத்தத்தில் 350க்கு மேற்பட்டோர் மாண்டனர், லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்.

மாரிஜானின் மறுப்பை உலகம் வியப்போடு பேசியது. அதைவிட எளிய காரணத்திற்காக மலையேறியோர் பலர். முகாமில் தங்கியிருந்தோர் பகலில் மீண்டும் சரிவுக்குச் சென்றனர். அங்கே கட்டுத்தறியில் மாடுகள் பசித்திருந்தன. கால்நடைக்கு ஜாவானிய மொழியில் 'ராஜகாயா' என்று பெயர். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள்கொண்ட தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், மகளின் படிப்பும், நாளைய மருத்துவமும் அத்தறியில் நின்றன. பின்னர் அரசு மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. மனிதரைக் கீழிறக்க வேண்டுமாயின் மாட்டுக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை எல்லாரும் அப்போது உணர்ந்தனர்.

அதற்கு நான்காண்டுகள் முன்னர், 2006 மே 27 விடியற்காலையில், அதே யோக்யகர்த்தாவின் தெற்கே பாந்துல் பகுதியை நிலநடுக்கம் தாக்கி 5,700க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புப் படை வருமுன் இடிபாடுகளைத் தோண்டியவர்கள் அண்டை வீட்டார். எந்த வீட்டில் எத்தனை பேர் உறங்குவர் என்பதை அவர்களே அறிவர். பின்னர் அரசின் வீட்டு நிதியும் அண்டைக் குழுக்கள் வழியே வழங்கப்பட, ஒருவர் வீட்டை மற்றவர் எழுப்பும் கூட்டுழைப்பால் ஊர்கள் மீண்டன. நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தின் பயன் இத்தகைய நாளிலேயே முழுமையாக விளங்கும்.

காவல் திரும்பும்போது

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, ஜாவாச் சிற்றூர் குறையற்ற இன்ப ஊர் என எவரும் கருதிவிடக் கூடாது. எண்ணிப் பார்க்கும் ஊர் எண்ணிக்கையிலிருந்து நீக்கவும் வல்லது.

ஜப்பானியர் ஆண்ட காலத்தில், 1944இல், ஜாவா முழுவதும் அண்டை வீடுகளைக் குழுக்களாகப் பிரித்துக் கண்காணிக்கும் முறை புகுத்தப்பட்டது. அதுவே பின்னர் 'ருக்குன் தெத்தாங்கா' என்னும் அண்டையார் இணக்கக் குழுவாக நிலைபெற்றது. 'விருந்தினர் 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும்' என்னும் பலகை ஊர் வாயில்களில் தொங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் சுகார்த்தோ அரசு இரவுக் காவலையும் காவல்துறையின் கண்காணிப்புக்கு உட்பட்ட அமைப்பாக மாற்றிக்கொண்டது. அண்டையாரின் அக்கறை எங்கே முடிந்து அரசின் உளவு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்தல் கடினம்.

1965 அக்டோபரில் தொடங்கிய படுகொலைகள் 1966 வரை நீண்டன. குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டனர் எனப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. இராணுவம் முன்னின்றது, உள்ளூர் இளைஞர் படைகள் துணைநின்றன. கம்யூனிஸ்டுகள் என்றும், அவர்களோடு தொடர்புடையோர் என்றும் பட்டியல்கள் எழுதப்பட்டன. இரவில் கதவைத் தட்டியவர்கள் எந்தக் கதவு யாருடையது என்பதை நன்கறிந்தவர்கள். 1960ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தத்தின்கீழ் துண்டு நிலம் பெற்ற ஏழையர் பலர் உயிரோடு நிலத்தையும் இழந்தனர்.

இதனை இலக்கியமாக்கியவர் நடுஜாவாவின் பான்யுமாஸ் வட்டாரத்தில் 1948இல் பிறந்த அகமது தோஹாரி. 1982இல் வெளிவந்த 'ரொங்கெங் டூக்கு பாருக்' என்னும் அவருடைய நாவலும் அதன் தொடர்ச்சிகளும் டூக்கு பாருக் என்னும் கற்பனைச் சிற்றூரைக் களமாகக் கொண்டவை. ஸ்ரிந்தில் அவ்வூரின் ஆடற்பெண். அவள் ஆட்டத்தால் சேர்ந்த பொன்னை நாடிக் கொள்ளையர் இரவில் வருகின்றனர். ராசுஸ் என்னும் இளைஞன் அவர்களை எதிர்த்து ஊரைக் காத்து, பின் படைவீரன் ஆகிறான். அடுத்த பகுதியில் எழுத்தறியா அவ்வூரார் கட்சிக் கூட்டங்களில் ஆடுமாறு இழுக்கப்படுகின்றனர். 1965க்குப் பின் ஊர் எரிகிறது, ஸ்ரிந்தில் சிறைப்படுகிறாள். கொள்ளையரிடமிருந்து காத்த படையே பிறகு அஞ்சத்தக்கதாகும் இம்மாற்றத்தை ஆசிரியர் உரத்துப் பேசாமல் ஊரின் புல்லையும் பறவையையும் கொண்டே உணர்த்துகிறார். முதற்பதிப்பில் நீக்கப்பட்ட பகுதிகள் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற முடிந்தது. ஒரு சிற்றூருக்கு நேர்ந்ததை எழுத்தில் முழுமையாகச் சொல்ல இருபதாண்டு தேவைப்பட்டது.

அரசின் கை நேரடியாக இல்லாதபோதும் காவல் கொலையாகலாம் என்பதற்குக் கிழக்கு ஜாவாவின் பான்யுவாங்கி சான்று. 1998இல், சுகார்த்தோ ஆட்சி வீழ்ந்த ஆண்டில், பில்லிசூனியக்காரர் என ஐயுறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். கொன்றவர்களுள் அவர்களுடைய அண்டை அயலாரே மிகுதி என ஆய்வாளர் காட்டுவர். அதனைத் தொடர்ந்து முகமூடி அணிந்த கொலைஞர் உலவுகின்றனர் என்னும் வதந்தி பரவ, ஊர்தோறும் இரவுக் காவல் பெருகியது. பாதை தெரியாது அலைந்த மனநலம் குன்றியோர் சிலர் அக்காவலரின் கையில் மடிந்தனர். தன் பெயரைக் கேட்டவர்க்குத் தக்க விடை சொல்ல இயலாமையே அவர்கள் செய்த குற்றம்.

2023 ஜனவரி 11 அன்று குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ, கடுமையான மனித உரிமை மீறல்கள் 12ஐ ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1965ஆம் ஆண்டுப் படுகொலையும், பில்லிசூனியக்காரர் எனக் கொல்லப்பட்டோர் நிகழ்வும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஊரார் எழுதிய பட்டியல்களால் மடிந்தவர்களுக்கு ஒரு நாட்டின் பட்டியலில் இடம் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

எண்ணிக்கையின் எல்லை

அண்மைக் காலத்து நிகழ்வு ஒன்றைக் கூறி நிறைவு செய்கிறேன். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது ஜாவாச் சிற்றூர்கள் தாமாகவே மூங்கிற்கழிகளால் வாயிலை அடைத்தன. நடுஜாவா மாநில அரசு 'ஜோகோ தோங்கோ', அதாவது 'அண்டையாரைக் காத்தல்' என்னும் திட்டத்தை வகுத்து, தனித்திருப்போரை அண்டையாரே உணவளித்துப் பேண வழிசெய்தது. பழைய அரிசிக் கிண்ணத்தின் அறிவு அதில் மீண்டும் பயன்பட்டது. அதே நடுஜாவாவில், அதே ஆண்டு ஏப்ரலில், நோயாளிகளுக்குப் பணிசெய்து தொற்றால் இறந்த செவிலி ஒருவரின் உடலைத் தம் ஊரில் அடக்கம் செய்யக் கூடாதென ஒருசாரார் தடுத்தனர். அவ்வுடல் வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஒரே நிலம், ஒரே பண்பாடு, ஒரே மாதம். உள்ளே இருப்பவர்க்குச் சோறு. வெளியே என முடிவுகட்டப்பட்டவர்க்குக் குழியும் இல்லை.

எனவே, ஜாவாச் சிற்றூரின் காவல் நல்லதா தீயதா என்று வினவுதல் பொருந்தாது. அண்டையார் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்தலே அங்கு காவல். பூட்டும் மதிலும் தாளும் அதற்குத் துணைகளே. அவ்வெண்ணிக்கையுள் இருப்பவரின் உயிரும் உடைமையும் வறுமையிலும் ஓரளவு காக்கப்படுகின்றன. அறுவடையிலிருந்து விலக்கப்பட்ட நிலமற்ற பெண், பட்டியலில் ஏறிய உழவன், ஐயத்திற்கு ஆளான மருத்துவக் கிழவன், பெயர் சொல்லத் தெரியாத வழிப்போக்கன், பணிசெய்து மாண்ட செவிலி ஆகியோர் எண்ணிக்கையினின்று வழுவியவர்கள். ஓர் ஊர் எத்துணைப் பாதுகாப்பானது என்பதை இவர்களைக் கேட்டே அளக்க வேண்டும் என்பது என் துணிபு. காவற் கொட்டிலில் அமர்ந்திருப்பவரைக் கேட்டால் 'ஒன்றும் நேரவில்லை' என்றே கூறுவார்.

கவிஞர் பெருமக்களே! முரசின் தாளங்களை முன்னர்க் கூறினேன். அவற்றுள் அடங்காத இழப்புகள் உண்டு என்பதையும் கண்டோம். கதிர் கொய்யும் உரிமை போனதற்குத் தாளமில்லை. அண்டை வீட்டான் இரவில் கொண்டுபோகப்பட்டதற்குத் தாளமில்லை. அத்தாளத்தை அடிக்க வேண்டிய கைகளே அன்று கதவைத் தட்டின. அகமது தோஹாரி தம் நாவலால் அத்தாளங்களுள் ஒன்றை அடித்தார். நம் ஊர்களிலும் இத்தகைய இழப்புகள் இல்லையென்று எவரும் சொல்லார். எந்த இழப்புக்கு இன்னும் தாளம் வகுக்கப்படவில்லை எனத் தேடிக் காணும் பணியை இப்பத்தாம் ஆண்டில் வட்டம் மேற்கொள்ளுமாயின், அதனினும் தக்க விழாக் கொண்டாட்டம் வேறில்லை.

'தோரோ முலுக்' ஒலிக்கும் இரவில் ஊரார் உறங்கச் செல்வர். அவ்வொலி ஊரின் கடைசிக் குடிசையிலிருப்பவர்க்கும், ஊருக்கு அன்று வந்து சேர்ந்தவர்க்கும் உண்மையாக இருத்தல் வேண்டும். உங்கள் அனைவர்க்கும் அத்தகைய 'ஸ்லாமெத்' வாய்க்க வேண்டுமென வாழ்த்தி அமைகிறேன்.